சிக்லிட் மீன்களின் குடல் நுண்ணுயிர்களும் படிவளர்ச்சியும்

சிக்லிட் மீன்களின் குடல் நுண்ணுயிர்க் குழுமம் என்பது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களின் குடலில் வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களின் தொகுப்பு ஆகும். ஆப்பிரிக்க ஏரிகளில் ஒரு சில மூதாதை இனங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் கிளைத்துள்ளன. மிக நெருங்கிய உறவுடைய இந்த இனங்கள் ஒரே ஏரியில் வாழ்ந்தாலும் வெவ்வேறு உணவுகளை உண்கின்றன. ஆகவே ஒரு விலங்கின் குடலில் எந்த நுண்ணுயிர்கள் வாழும் என்பதை அதன் உணவு தீர்மானிக்கின்றதா, மரபுவழி தீர்மானிக்கின்றதா என்ற வினாவை ஆராய இம்மீன்கள் மிகவும் ஏற்றவை. புதிய இனங்கள் தோன்றும் படிவளர்ச்சியில் (கூர்ப்பு) நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டா என்ற வினாவும் இதனுடன் இணைந்துள்ளது.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு ஏரிகளில் தாவர உணவுக்கு மாறிய சிக்லிட் இனங்களின் குடலில் ஒரே வகையான மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் மிக அண்மையில் பிரிந்த மீன் இனங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய ஒற்றுமை காணப்படவில்லை.

குடல் நுண்ணுயிர்களின் பணிகள்

முதுகெலும்பிகளின் குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. விலங்கின் சொந்த நொதிகளால் சிதைக்க இயலாத நார்ப்பொருள்களை இவை நொதிக்கச் செய்து, விலங்கு உறிஞ்சக்கூடிய சிறிய மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. சில பாக்டீரியாக்கள் உயிர்ச்சத்துகளை உற்பத்தி செய்கின்றன. நோய் எதிர்ப்பு அமைப்பு இயல்பாக வளர்வதற்கும் குடல் நுண்ணுயிர்கள் தேவைப்படுகின்றன.

மீன்களில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு உயிர்ச்சத்து பி12 ஆகும். இதை விலங்குகளோ தாவரங்களோ உருவாக்க இயலாது. பாக்டீரியாக்களும் அவற்றையொத்த சில நுண்ணுயிர்களுமே உருவாக்குகின்றன. நைல் திலாப்பியா மீனின் உணவில் இச்சத்தைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை என்றும், மீனுக்கு வேண்டிய அளவைக் குடல் நுண்ணுயிர்களே தருகின்றன என்றும் 1982 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நன்னீர் மீன்களின் குடலில் பரவலாகக் காணப்படும் சீட்டோபாக்டீரியம் என்னும் பேரினம் இந்த உயிர்ச்சத்தை உற்பத்தி செய்வது பின்னர் கண்டறியப்பட்டது.

சிக்லிட் மீன்கள்

சிக்லிட் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவை ஆப்பிரிக்கா, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, மடகாசுகர், மேற்கு ஆசியா, தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் இயற்கையாக வாழ்கின்றன. கேரளத்தில் கரிமீன் எனப்படும் மீன் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிக்லிட் ஆகும். தமிழ்நாட்டுக் குளங்களில் பிடிக்கப்படும் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிக்லிட் ஆகும். மொசாம்பிக் திலாப்பியா 1952 ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் அறிமுகப்படுத்தப்பட்டது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பேரேரிகளில் சிக்லிட் மீன்கள் பெருமளவில் கிளைத்துள்ளன.

• டாங்கனிக்கா ஏரி: தான்சானியா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நாடுகளின் எல்லையில் உள்ளது. ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமுடைய இது உலகின் இரண்டாவது ஆழமான ஏரி. இதன் வயது 90 இலட்சம் முதல் 120 இலட்சம் ஆண்டுகள் என மதிப்பிடப்படுகின்றது. இங்கு ஏறத்தாழ 240 சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் இவை வேறெங்கும் காணப்படாதவை.
• மலாவி ஏரி: 500க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன.
• விக்டோரியா ஏரி: ஏறத்தாழ 500 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்த ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் வறண்டு, பின்னர் மீண்டும் நிரம்பியது.

ஒரே மூதாதையின் வழிவந்த உயிரினங்கள் வெவ்வேறு வாழ்முறைகளுக்கு ஏற்ப விரைவாகப் பல இனங்களாகப் பிரிவது தகவமைவு விரிவு எனப்படும். சிக்லிட் மீன்களின் தகவமைவு விரிவில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. பாறைகளில் படிந்த பாசியைச் சுரண்டி உண்பவை, நத்தைகளை உடைத்து உண்பவை, நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை உண்பவை, பிற மீன்களை விழுங்குபவை எனப் பலவகையினர் ஒரே ஏரியில் உள்ளனர். வாயில் உள்ள தாடையோடு தொண்டையிலும் ஓர் இணை தாடைகள் இவற்றுக்கு உள்ளன. தொண்டைத் தாடை உணவை அரைப்பதால், வாய்த்தாடை உணவைப் பிடிக்கும் பணிக்கு ஏற்பத் தனியே மாற்றமடைய முடிந்தது.

உணவுக்கேற்ப உடலின் உட்புறமும் மாறியுள்ளது. டாங்கனிக்கா ஏரியில் பாசி உண்ணும் இனங்களின் குடல் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டது; மீன்களை உண்ணும் இனங்களின் குடல் குட்டையானது. குடலின் நீளத்தைக் கொண்டே அம்மீனின் உணவைப் பெருமளவு ஊகிக்கலாம்.

உணவா, மரபுவழியா?

இரு விலங்குகளின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபட்டிருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்.

1. உணவு: குடலுக்குள் வரும் பொருளைச் சிதைக்க வல்ல நுண்ணுயிர்கள் பெருகும், மற்றவை குறையும்.
2. மரபுவழி: குடலின் அமைப்பு, அமிலத்தன்மை, பித்தநீர், நோய் எதிர்ப்பு அமைப்பு ஆகியவை விலங்கின் மரபணுக்களைச் சார்ந்தவை. இவை சில நுண்ணுயிர்களுக்கு இடம் தந்து சிலவற்றை விலக்குகின்றன.
3. சூழல்: நீர், மண், உடன் வாழும் உயிரினங்கள் ஆகியவற்றிலிருந்து எந்த நுண்ணுயிர்கள் கிடைக்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும்.

தொலைவான உறவுடைய விலங்குகளை ஒப்பிடும்போது இம்மூன்றும் பின்னிப் பிணைந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாகப் பசுவுக்கும் புலிக்கும் இடையே உணவும் வேறு, மரபுவழியும் வேறு. ஆகவே அவற்றின் குடல் நுண்ணுயிர்களின் வேறுபாட்டுக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். நெருங்கிய உறவுடைய இனங்கள் ஒரே ஏரியில் வெவ்வேறு உணவை உண்டால், சூழலும் மரபுவழியும் பெரும்பாலும் பொதுவாக அமைகின்றன. உணவின் விளைவைத் தனித்துக் காணலாம். அதே உணவு மாற்றம் மற்றோர் ஏரியில் தனியாக நிகழ்ந்திருந்தால், இயற்கையே ஒரு சோதனையை இரு முறை செய்துள்ளது எனக் கொள்ளலாம்.

மரபுவழி உறவு நெருங்கியிருக்கும் அளவுக்குக் குடல் நுண்ணுயிர்களும் ஒத்திருக்கும் போக்கு மரபுவழி ஒத்த கூட்டுவாழ்வு எனக் குறிப்பிடத்தக்கது. இப்போக்கு பூச்சிகள், பாலூட்டிகள் உள்ளிட்ட சில விலங்குக் குழுக்களில் காணப்பட்டுள்ளது. ஒத்த போக்கு இருப்பதாலேயே நுண்ணுயிர்கள் தலைமுறைதோறும் கடத்தப்படுகின்றன என்று முடிவு செய்ய இயலாது. ஒத்த குடல்கள் ஒத்த நுண்ணுயிர்களைச் சூழலிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தாலும் இதே போக்கு தோன்றும்.

ஆய்வு முறை

குடல் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். ஆகவே அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்கின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படுவது 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு ஆகும். ரைபோசோம் என்பது புரதங்களை உருவாக்கும் உயிரணு உறுப்பு. எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள இந்த மரபணுவில் மாறாத பகுதிகளும் இனத்துக்கு இனம் மாறும் பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மாறாத பகுதிகளைப் பிடியாகக் கொண்டு மாறும் பகுதிகளைப் படியெடுத்து வாசித்தால், குடலில் எந்தப் பாக்டீரியாக்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்று அறியலாம். இந்த மூலக்கூற்றின் துணையோடு உயிரினங்களின் உறவைக் கணிக்கலாம் என்பதைக் கார்ல் வோஸ் 1970களில் நிறுவினார்.

மீன் எதை உண்கிறது என்பதை அறிய வயிற்றில் உள்ள பொருள்களைப் பார்ப்பதோடு, தசையில் உள்ள கரிமம், நைட்ரசன் ஆகிய தனிமங்களின் நிலையான ஓரிடத்தான்களின் (ஐசோடோப்புகள்) விகிதத்தையும் அளக்கின்றனர். வயிறு கடைசி வேளை உணவை மட்டும் காட்டும். ஓரிடத்தான்கள் பல வார, மாத கால உணவைக் காட்டும்.

செதில் உண்ணும் மீன்கள்

டாங்கனிக்கா ஏரியின் பெரிசோடினி என்னும் கிளைக் குழுவில் உள்ள சில மீன்கள் பிற மீன்களின் செதில்களைக் கடித்துப் பிடுங்கி உண்கின்றன. இக்குழுவின் மூதாதைகள் நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை உண்டவை. பெரிசோடசு மைக்ரோலெப்பிசு என்னும் இனத்தில் சில மீன்களின் வாய் இடப்புறமும் சிலவற்றின் வாய் வலப்புறமும் திரும்பியிருக்கும். ஒரு பக்க வாயுடைய மீன்கள் மிகுந்தால் இரைமீன்கள் அந்தப் பக்கத் தாக்குதலைக் குறித்து விழிப்படைவதால், மற்றப் பக்கத்தினர் பயனடைகின்றனர். இவ்வாறு இரு வகையும் ஏறத்தாழ சம அளவில் நிலைத்திருப்பதைச் சப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993 ஆம் ஆண்டில் விளக்கினார்.

இக்குழுவின் ஐந்து இனங்களையும், ஒப்பீட்டுக்காக அனைத்துண்ணியான அசுட்டட்டோட்டிலாப்பியா பர்ட்டோனி என்னும் இனத்தையும் லாரா பால்டோவும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, முடிவுகளை 2015 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மொத்தம் 30 மீன்கள் ஆராயப்பட்டன. அவற்றின் குடலில் ஃபியூசோபாக்டீரியா, ஃபெர்மிக்கியூட்டசு, புரோட்டியோபாக்டீரியா ஆகிய மூன்று தொகுதிகள் மேலோங்கியிருந்தன. (2021 ஆம் ஆண்டு முதல் இத்தொகுதிகள் முறையே ஃபியூசோபாக்டீரியோட்டா, பேசில்லோட்டா, சூடோமோனடோட்டா என்னும் முறையான பெயர்களாலும் அழைக்கப்படுகின்றன.)

உணவு மாறியிருந்தும் பெரிசோடினி இனங்கள் ஐந்தின் நுண்ணுயிர்க் குழுமங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருந்தன. செதில் உண்ணும் இனங்களில் குளோசுட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தது மட்டுமே தெளிவான வேறுபாடு. செதில் என்பது கொலாசன் என்னும் புரதமும் கால்சியம் பாசுபேட்டு கனிமமும் சேர்ந்த கடினமான பொருள். குளோசுட்ரிடியம் பேரினத்தின் சில இனங்கள் கொலாசனைச் சிதைக்க வல்லவை என்பதால், இவை செதிலின் செரிமானத்துக்கு உதவக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர். உறவில் சற்று விலகிய அனைத்துண்ணி இனத்திலோ, குழுமத்தின் உறுப்பினர்களே வேறுபடத் தொடங்கியிருந்தனர்.

எல்லா மீன்களுக்கும் பொதுவான ஒரு சிறு நுண்ணுயிர்த் தொகுப்பும் இருந்தது. மீன்களைத் தொட்டிகளில் வளர்த்தபோதும் இது பெரிதும் மாறவில்லை.

இரு ஏரிகளில் ஒரே போக்கு

செதில் உண்ணும் மீன்களும் மிதவை விலங்குகளை உண்ணும் மீன்களும் விலங்குணவையே உண்பவை. உணவு வேறுபாடு இதைவிடப் பெரிதாக இருந்தால் என்ன நிகழும் என்பதை அதே ஆய்வாளரின் குழு அடுத்து ஆராய்ந்தது. 2017 ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வில் இரு ஏரிகளைச் சேர்ந்த 29 சிக்லிட் இனங்கள் ஒப்பிடப்பட்டன. ஓர் ஏரி டாங்கனிக்கா. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவில் கமரூன் நாட்டில் உள்ள பரோம்பி இம்போ.

பரோம்பி இம்போ எரிமலை வாயில் உருவான சிறிய, ஏறத்தாழ வட்டமான ஏரி. இதன் குறுக்களவு சுமார் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகள். இங்கு வேறெங்கும் இல்லாத 11 சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. இவை திலாப்பியாவுக்கு நெருங்கிய உறவினரான சாரோத்தெரோடான் பேரினத்தின் வழிவந்தவை. இவை ஏரிக்குள்ளேயே ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தன என்பதற்கான மரபணுச் சான்றை உல்ரிச் சிலீவென், டீத்தார்ட் டவுட்சு, சுவாந்தே பேபோ ஆகியோர் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிய ஏரியாயினும் இங்கும் உணவுப் பிரிவினை உண்டு: பங்கு மக்லரேனி என்னும் இனம் நன்னீர்ப் பஞ்சுயிரிகளை உண்கிறது, கோனியா டிகூமே என்னும் இனம் ஆக்சிசன் குறைந்த ஆழத்துக்குச் சென்று பூச்சிப் புழுக்களை உண்கிறது.

கண்டத்தின் இரு பக்கங்களில் அமைந்த இந்த ஏரிகளுக்கிடையே மீன்கள் இடம்பெயர வழியில்லை. ஆகவே இரு ஏரிகளிலும் உணவு வேறுபாடுகள் தனித்தனியாகவே தோன்றின. ஆய்வின் முதன்மையான முடிவுகள் வருமாறு:

• இரு ஏரிகளிலும் ஊனுண்ணிகளின் நுண்ணுயிர்க் குழுமமும் தாவரவுண்ணிகளின் நுண்ணுயிர்க் குழுமமும் தெளிவாக வேறுபட்டன.
• தாவரவுண்ணிகளின் குடலில் கூடுதல் வகைப் பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றின் கணிக்கப்பட்ட செயல்களும் கூடுதலாக இருந்தன.
• நார்ப்பொருளைச் சிதைப்பதோடும், தாவரங்களில் உள்ள நச்சுப் பொருள்களைச் செயலிழக்கச் செய்வதோடும் தொடர்புடைய பாக்டீரியாக்கள் தாவரவுண்ணிகளிலும் அனைத்துண்ணிகளிலும் மிகுந்திருந்தன.
• ஏரிக்கு ஏரி வேறுபாடும் இருந்தது. எனினும் ஊனுணவிலிருந்து தாவர உணவுக்கான மாற்றம் இரு ஏரிகளிலும் ஒத்த திசையிலேயே குழுமத்தை மாற்றியிருந்தது.

தொடர்பில்லாத உயிரினங்கள் ஒத்த தேவையால் ஒத்த பண்புகளைப் பெறுவது ஒருங்கு படிவளர்ச்சி எனப்படும். சுறாவும் ஓங்கிலும் (டால்ஃபின்) ஒத்த உடல் வடிவம் பெற்றிருப்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. சிக்லிட் மீன்களில் தாடையும் குடல் நீளமும் போலவே, குடலில் வாழும் நுண்ணுயிர்களும் ஒருங்கிய போக்கைக் காட்டுகின்றன என்பது இந்த ஆய்வின் சிறப்பு.

இளம் ஏரிகளில் கிடைத்த மாறுபட்ட முடிவு

நடு அமெரிக்காவில் நிகராகுவா நாட்டின் எரிமலைவாய் ஏரிகளில் மிடாசு சிக்லிட் என்னும் மீன் குழு வாழ்கிறது. பெரிய ஏரிகளிலிருந்து இந்தச் சிறிய ஏரிகளுக்கு வந்த மீன்கள், சில ஏரிகளில் திறந்த நீரில் வாழும் நீண்ட உடலுடைய இனமாகவும், அடிப்பகுதியில் வாழும் உயர்ந்த உடலுடைய இனங்களாகவும் பிரிந்துள்ளன. அப்போயோ ஏரி 25,000 ஆண்டுகளுக்கும் குறைந்த வயதுடையது. சிலோவா ஏரி அதைவிட இளையது. டாங்கனிக்காவின் வயதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய காலம்.

இவ்விரு ஏரிகளின் மீன்களை ஆண்ட்ரியாசு ஹேரரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2020 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மீன் குடலின் பாக்டீரியாக்கள் ஏரி நீரின் பாக்டீரியாக்களிலிருந்து மிகவும் வேறுபட்டன. ஆகவே குடல் சூழலில் உள்ளவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது உறுதியானது. உணவுக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் இடையே மெலிந்த தொடர்பே இருந்தது. இனங்களுக்கிடையே உணவு தெளிவாக வேறுபட்டிருந்தும் நுண்ணுயிர்கள் அதே அளவு வேறுபடவில்லை. இரு ஏரிகளிலும் ஒத்த மாற்றம் நிகழ்ந்ததற்கு உறுதியான சான்றும் கிடைக்கவில்லை. இனப்பிரிவின் தொடக்க நிலையில் வாழ்முறைகள் இன்னும் தெளிவாகப் பிரியாதிருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

பிற நன்னீர் மீன்களில் ஆய்வுகள்

ஏரி வெண்மீன்: வட அமெரிக்க ஏரிகளில் திறந்த நீரில் வாழும் குள்ள வகையும் அடிப்பகுதியில் வாழும் இயல்பு வகையும் இணையாகக் காணப்படுகின்றன. ஐந்து ஏரிகளைச் சேர்ந்த 108 மீன்களை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏரிகளுக்கிடையே தெளிவான ஒத்த போக்கு காணப்படவில்லை. இங்கும் குடலின் குழுமம் நீரின் குழுமத்திலிருந்து வேறுபட்டிருந்தது.

மும்முள் மீன்: முதுகில் மூன்று முட்களையுடைய இச்சிறு மீன், கடைசிப் பனிக்காலத்தின் இறுதியில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடலிலிருந்து கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாநில ஏரிகளில் குடியேறியது. சில ஏரிகளில் இது இரண்டு இனங்களாகப் பிரிந்துள்ளது. டயானா ரென்னிசன், செத் ரட்மன், டால்ஃப் சுலூட்டர் ஆகியோர் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இம்மீனின் படிவளர்ச்சி மாற்றங்கள் வெவ்வேறு ஏரிகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தபோது குடல் நுண்ணுயிர்களின் சில பண்புகளும் ஒரே திசையில் மாறியிருந்தது கண்டறியப்பட்டது. வயதில் இளைய இனங்களிலும் ஒத்த போக்கு தோன்ற இயலும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே நிகராகுவாவின் முடிவைக் கால அளவு ஒன்றைக் கொண்டே விளக்க இயலாது.

இதே மீனில் டேனியல் போல்னிக் குழுவினர் 2014 ஆம் ஆண்டில் மற்றொரு செய்தியைக் கண்டறிந்தனர். பலவகை உணவை உண்ணும் மீனின் குடலில் பலவகை நுண்ணுயிர்கள் இருக்கும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் மும்முள் மீனிலும் பெர்ச்சு மீனிலும் கலப்புணவு உண்டவற்றின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவாகவே இருந்தன. உணவின் விளைவு எளிய கூட்டலாக அமைவதில்லை என்பதற்கு இது சான்று. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்களின் வேறுபாடும் இம்மீனின் குடல் நுண்ணுயிர்களோடு தொடர்புடையது என அவர்கள் காட்டினர்.

நுண்ணுயிர்கள் குடலை அடையும் வழிகள்

மீன் முட்டைக்குள் இருக்கும் கரு பெரும்பாலும் நுண்ணுயிரற்ற நிலையில் வளர்கிறது. முட்டை பொரிந்து வாய் திறந்ததும் நீரிலிருந்தும் உணவிலிருந்தும் நுண்ணுயிர்கள் குடலை அடைகின்றன. பாலூட்டிகளில் உள்ளதைப் போலத் தாயிடமிருந்து பிறப்பின்போது பெறும் வாய்ப்பு பெரும்பாலான மீன்களுக்கு இல்லை.

சிக்லிட் மீன்களில் பல இனங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துப் பாதுகாக்கின்றன. வாயில் அடைகாக்கும் இவ்வழக்கத்தால் தாயின் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு நேரடியாகச் செல்லக்கூடும் என்றும், நெருங்கிய இனங்களின் பொதுவான நுண்ணுயிர்த் தொகுப்பு மாறாதிருக்க இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் 2015 ஆம் ஆண்டு ஆய்வு கருத்துரைத்தது. இது ஊகமே.

குடல் தனக்குரிய நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்று வரிக்குதிரை மீனிலிருந்து கிடைத்தது. ஜான் ராவ்ல்சு குழுவினர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், எலியின் குடல் நுண்ணுயிர்கள் நுண்ணுயிரற்ற மீன்களுக்கும், மீனின் குடல் நுண்ணுயிர்கள் நுண்ணுயிரற்ற எலிகளுக்கும் மாற்றப்பட்டன. குடியேறிய பாக்டீரியா வகைகள் கொடுத்த விலங்கை ஒத்திருந்தன. ஆனால் அவற்றின் விகிதங்கள் பெற்ற விலங்கின் இயல்பான விகிதங்களை நோக்கி மாறின.

காரணமா, விளைவா?

குடல் நுண்ணுயிர்களுக்கும் இனப்பிரிவுக்கும் உள்ள தொடர்பை மூன்று வகையாக விளக்கலாம்.

1. நுண்ணுயிர்கள் பின்தொடர்கின்றன: மீனின் தாடை, பழக்கம், குடல் ஆகியவை இயற்கைத் தேர்வால் மாறி உணவு மாறுகிறது, அதன் விளைவாக நுண்ணுயிர்கள் மாறுகின்றன.
2. நுண்ணுயிர்கள் உதவுகின்றன: புதிய உணவைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் கிடைத்ததால், மீன் அந்த உணவைக் கொண்டு வாழ முடிகிறது. மீனின் மரபணுக்கள் மாறுவதற்கு இது கால இடைவெளியைத் தருகிறது.
3. நுண்ணுயிர்கள் பிரிக்கின்றன: இரு இனங்களின் கலப்பினக் குஞ்சுகளுக்குப் பொருத்தமற்ற நுண்ணுயிர்க் குழுமம் அமைந்து அவை நலிவடைவதால், இனங்கள் மேலும் விலகுகின்றன.

விலங்கையும் அதன் நுண்ணுயிர்களையும் சேர்த்து ஒரே படிவளர்ச்சி அலகாகக் கருத வேண்டும் என்ற கருத்தை இலானா சில்பர்-ரோசன்பெர்க்கு, யூசின் ரோசன்பெர்க்கு ஆகியோர் 2008 ஆம் ஆண்டில் விரிவாக முன்வைத்தனர். இதனை நான்சி மோரான், டேனியல் சுலோன் ஆகியோர் 2015 ஆம் ஆண்டில் மறுத்து எழுதினர். நுண்ணுயிர்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் தவறாது கடத்தப்படாவிட்டால், விலங்கும் நுண்ணுயிர்களும் ஒரே அலகாகத் தேர்வுக்கு உள்ளாக இயலாது என்பது மறுப்பின் மையக் கருத்து. நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் சூழலிலிருந்து பெறும் மீன்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பு வலுவானது.

சிக்லிட் ஆய்வுகளின் சான்றுகள் முதல் இரு விளக்கங்களோடு பொருந்துகின்றன. செதில் உண்ணும் மீன்களில் உணவும் தாடையும் வெகுவாக மாறியும் நுண்ணுயிர்கள் சிறிதே மாறியுள்ளன. இது முதல் விளக்கத்துக்குச் சார்பானது. தாவர உணவுக்கு மாறிய இனங்களில் நார்ப்பொருளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இரு ஏரிகளிலும் மிகுந்திருப்பது இரண்டாம் விளக்கத்துக்கு இடம் தருகிறது. இதனைக் கொண்டு 2017 ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியர்கள், சிக்லிட் மீன்கள் புதிய வாழ்முறைகளுக்குப் பரவியதில் குடல் பாக்டீரியாக்களுக்கு அடிப்படையான பங்கு இருக்கலாம் எனக் கருதினர். மூன்றாம் விளக்கத்தை இந்த ஆய்வுகள் சோதிக்கவில்லை.

ஆய்வுகளின் வரம்புகள்

• 16எஸ் மரபணு எந்தப் பாக்டீரியா உள்ளது என்பதைக் காட்டும். அது என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. செயல்கள் உறவினப் பாக்டீரியாக்களின் அறியப்பட்ட மரபணுத் தொகுப்பைக் கொண்டு கணிக்கப்படுகின்றன.
• குடலில் கிடைக்கும் டி.என்.ஏ.வில் ஒரு பகுதி அங்கேயே வாழும் பாக்டீரியாக்களுடையது. மற்றொரு பகுதி உணவோடு வந்து கடந்து செல்பவற்றுடையது. பாசியோடு பல பாக்டீரியாக்களும் விழுங்கப்படுவதால், தாவரவுண்ணிகளில் வகைகள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஓரளவு காரணமாகலாம்.
• இயற்கையில் பிடிக்கப்பட்ட மீன்களை ஒப்பிடுவது தொடர்பைக் காட்டும். எது காரணம், எது விளைவு என்று காட்டாது. அதற்கு நெருங்கிய இனங்களை ஒரே உணவில் வளர்த்தும், நுண்ணுயிரற்ற குஞ்சுகளுக்கு மற்ற இனத்தின் நுண்ணுயிர்களை மாற்றியும், அவை புதிய உணவில் எவ்வாறு வளர்கின்றன என அளக்க வேண்டும்.

முக்கியத்துவம்

படிவளர்ச்சி பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் விலங்கின் சொந்த மரபணுக்களையும் உடலமைப்பையும் மட்டுமே கருத்தில் கொண்டன. ஒரு மீன் எதை உண்டு வாழ இயலும் என்பது அதன் தாடையோடும் நொதிகளோடும், அதன் குடலில் இடம் பெற்ற நுண்ணுயிர்களையும் பொறுத்தது என்பதை இந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. பயன்பாட்டு நோக்கிலும் இந்த அறிவு தேவையானது. உலகில் பேரளவில் வளர்க்கப்படும் மீன்களுள் ஒன்றான திலாப்பியா ஒரு சிக்லிட் ஆகும். மீன்தூளுக்கு மாற்றாகத் தாவரப் பொருள்களைத் தீவனமாக்கும்போது, அவற்றை மீன் எவ்வளவு செரிக்கும் என்பது குடல் நுண்ணுயிர்களோடும் தொடர்புடையது.

இவற்றையும் பார்க்கவும்

• படிவளர்ச்சிக் கொள்கை
• இயற்கைத் தேர்வு
• கூட்டுவாழ்வு
• டாங்கனிக்கா ஏரி
• திலாப்பியா
• வரிக்குதிரை மீன்